மழைக்குள் நின்ற வெளிச்ச பஸ்

போன கிழமை றிஸ்வான் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த பஸ் டிப்போவில் இப்போது மின்பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவர். ஏறாவூர்க்காரர். நான் ஓய்வு பெறும்வரை என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவர்.

"அண்ணன், இந்த முறையும் நத்தாருக்கு வெளிச்ச பஸ் ஓட்டச் சொல்லிட்டாங்க. வயரிங் எப்பிடிச் செய்யணும், என்னென்ன பாக்கணும் எண்டு நீங்க ஒரு தாளில எழுதித் தந்தா, புதுசா வந்த பொடியனுகளுக்கு உதவியா இரிக்கும்."

"எழுதித் தாறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். தாளும் பேனையுமாக உட்கார்ந்தால் வயரிங் வரவில்லை. போன மார்கழிதான் வருகிறது. கடைச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கணுக்கால் தண்ணீரில் நான் நிற்பதும், மேலே மிதிபலகையில் என் மகள் நிற்பதும் வருகிறது. ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆகவே, கேட்டது ஒரு தாள்தான் என்றாலும், நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். புதுப் பையன்கள் இதையே படிக்கட்டும்.

வெளிநாட்டு நகரங்களில் கிறிஸ்மஸ் காலத்தில் ட்ராம் வண்டிகளுக்கு விளக்குச் சோடித்து, சனத்தை ஏற்றி, தெருத் தெருவாக ஓட்டுவார்கள். மகள் அதைக் கைபேசியில் எனக்குக் காட்டியிருக்கிறாள். மட்டக்களப்பில் ட்ராம் இல்லை. எங்களிடம் இருப்பது பழைய பஸ் ஒன்று. மார்கழி நடுவில் அதைக் கழுவி, கூரையில் நட்சத்திரம் ஏற்றி, உள்ளும் புறமும் விளக்கு மாலை கட்டி, பொழுது சாயும் நேரத்தில் ஓட்டுவோம். டிப்போவிலிருந்து புளியந்தீவு, பிறகு கல்லடிப் பாலம், திரும்பி வாவிக்கரை. ஏறக் காசு இல்லை. கிறிஸ்தவப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள் எல்லாரும் ஏறுவார்கள். காத்தான்குடியிலிருந்து குடும்பமாக வந்து பார்க்கும் முஸ்லிம் ஆட்களும் உண்டு.

அந்தக் கைபேசிப் படத்தைப் பார்த்தபோது மகள் விளக்குகளைப் பார்த்தாள். நான் சில்லுகளைப் பார்த்தேன். ட்ராம் இரும்புச் சில்லோடு தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. தண்டவாளம் நிலத்தில் கிடக்கிறது. பஸ் றப்பர் டயரின் மேல் நிற்கிறது. பஸ்ஸின் தகரத்தில் மின்சாரம் ஏறினால் அது நிலத்துக்கு இறங்க வழி கிடையாது. யாராவது ஒரு மனிதன் வழி கொடுக்கும்வரை அது அங்கேயே காத்துக்கொண்டு நிற்கும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் போர்மன் அந்திராடோ ஐயா.

உயர்தரம் முடித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்து, டிப்போவில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் பற்றரி தூக்கினேன், டைனமோ கழற்றினேன், கை கறுத்தது, அவ்வளவுதான். யுத்தத்தால் பொழுதுபட்டால் தெருவில் விளக்கே காட்ட முடியாத வருடங்கள் அவை. நிலைமை கொஞ்சம் தளர்ந்த ஒரு மார்கழியில் அந்திராடோ ஐயாதான் மேலதிகாரியிடம் போய் நின்று, கழித்துவிட இருந்த பஸ் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அவர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். வீட்டில் வயலின் வாசிப்பார். உயரமான, மெலிந்த மனிதர். யாரையும் ஏசமாட்டார். பிழையாகச் செய்தவன் பக்கத்தில் வந்து நின்று, அவன் செய்த வேலையை ஒன்றும் பேசாமல் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் அவன் தானாகவே கழற்றத் தொடங்குவான்.

அவருடைய முறை இது. விளக்குக் கம்பியைக் கட்டுக்கம்பியால் கட்டக்கூடாது. பழைய டயர் டியூப்பை வாராக வெட்டி அதால்தான் கட்டவேண்டும். கதவு மடிகிற இடத்தாலும் யன்னல் ஓடுகிற இடத்தாலும் கம்பி போகக்கூடாது. எல்லாம் கட்டி முடிந்ததும் பஸ்ஸுக்குத் தண்ணீர் அடிப்பார். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் பதறிவிட்டேன். பகல் முழுக்கக் கட்டிய விளக்குகளின்மேல் குழாயைப் பிடித்தால் யாருக்குத்தான் பதறாது?

"என்ன ஐயா, நனையுது!"

"மார்கழி மழை உன்னைக் கேட்டுட்டா வரும், மனே? நம்மட டிப்போ முத்தத்தில நனையட்டும். புள்ளைகள் ஏறின மறுகா நனைய வேணாம்."

நனைந்தபின் விளக்கைப் போடுவார். ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியைக் குத்தி, சோதனை விளக்கின் ஒரு வயரைக் கம்பியிலும் மற்றதைப் பஸ்ஸின் தகரத்திலும் வைத்துப் பார்ப்பார். அது எரியாவிட்டால்தான் கிட்டப் போவார். போய், புறங்கையால் பஸ்ஸைத் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் விரல்களை மடக்கிவிடும், பிடித்த பிடி விடாது. புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். தொட்ட பிறகு எங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஏறலாம். அந்த நாளில் விளக்குகள் பஸ்ஸின் சொந்தப் பற்றரியில் எரிந்த சின்னச் சின்னக் குமிழ்கள். தொட்டாலும் ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தும் அவர் ஒரு தடவைகூட அதை விட்டதில்லை.

அவர் போன பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. கடைகளில் வீட்டு மின்சாரத்தில் எரியும் மலிவு விளக்கு மாலைகள் நிறைந்தன. டிப்போவும் அவற்றையே வாங்கியது. பஸ்ஸின் பின்புறம் ஜெனரேட்டர் ஒன்று ஏறியது. என் புறங்கைக்கு வேலை கூடிவிட்டது.

நான் இயல்பிலேயே பயந்தவன். கலியாணம் பிந்தி நடந்தது, பிள்ளை அதைவிடப் பிந்திப் பிறந்தது. ஒரே மகள், நிரோஜினி. நாங்கள் நிரோ என்போம். அவள் தவழத் தொடங்கியதும் புறங்கைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. தண்ணீர் மோட்டர், ஸ்திரிக்கைப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிவேன். மனைவி பக்கத்து வீட்டாரிடம், "பிரிட்ஜுக்குக் காய்ச்சல் எண்டு பாக்கிறாரு" என்பாள். நிரோ வளர்ந்து, பள்ளிக்கூடம் போகையில், ரியூசன் போகையில், சைக்கிளில் ஏறையில், இறங்கையில், "கவனம் மகள்" என்பேன். அந்தச் சொல்லைத் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மாதிரி ஆக்கிவிட்டேன்.

"அப்பா, நீங்க ஒரு நாளைக்கு 'கவனம்' சொல்லாம விட்டாத்தான் எனக்குப் பயம் வரும்" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இரண்டாவது தரம் நான் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

இனிப் போன மார்கழி.

நான் அதற்கு முந்திய வருடமே ஓய்வு பெற்றுவிட்டேன். றிஸ்வான் விளக்குக் கட்டினார். ஒழுங்காகக் கட்டினார்; போய்ப் பார்த்தேன். தண்ணீரும் அடித்தார், சோதனை விளக்கும் பிடித்தார். குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலரைக் கேட்டிருந்தார்கள். நிரோ கண்டக்டர். யாரோ பழைய தோற்பை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதில் டிக்கெற்றுக்குப் பதிலாக டொபி. சாரதி ஜெயம் பகிடிக்காரன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டான்.

"கண்டக்டர், போகலாமா?"

"பொறுங்க ஜெயம் மாமா. பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, நடுவில நில்லாதீங்க!"

எங்கள் வீட்டில் வாய் திறக்க யோசிக்கிற பிள்ளை, பஸ்ஸின் வாசலில் அப்படி ஒரு சத்தம் போட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க மழை. வாவி நிரம்பி நின்றது. சந்தையில் இரண்டு பேர் சந்தித்தால் வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டியாயிற்றா என்றுதான் கேட்டார்கள். அன்று பின்னேரம் மழை கொஞ்சம் விட்டதால் பஸ் வெளிக்கிட்டது. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில், மகளைக் கூட்டிவர நான் மோட்டார் சைக்கிளில் வாவிக்கரைத் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பலசரக்குக் கடைக்கு முன்னால்தான் பஸ் நிற்கும். ஒரு கூட்டம் இறங்க அடுத்த கூட்டம் ஏறும். கடைக்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். அதற்குள் தாய் தகப்பன்மாரும் பிள்ளைகளும் குடையோடு நின்றார்கள்.

பஸ் வந்தது. தண்ணீரில் அதன் வெளிச்சம் விழுந்து, அசைந்து, அழகாகத்தான் இருந்தது. வந்து நிற்கவும் தூறல் திரும்பவும் பிடிக்கவும் சரியாக இருந்தது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. விளக்கும் போனது, பஸ்ஸுக்குள் ஓடிய பாட்டும் போனது. உள்ளே இருந்த பிள்ளைகளும் வெளியே நின்ற பிள்ளைகளும் ஒரே குரலில் "ஆ..." என்றார்கள்.

றிஸ்வான் றப்பர் பூட்ஸ் காலோடு பின்பக்கம் ஓடி, மழைக்கு மூடியிருந்த படங்கைத் தூக்கி, ஜெனரேட்டருக்குள் தலையைவிட்டார். கடைக்காரர் தவம் நல்ல மனிதர். பிள்ளைகள் ஏமாறுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "இதுக்கென்ன, நம்மட கடையில கரண்ட் இரிக்கிதானே!" என்று நீண்ட வயர் ஒன்றை யன்னலால் எறிந்தார். கூட்டத்தில் யாரோ அதை வாங்கி விளக்கு மாலையின் பிளக்கைச் சொருகினார்கள். விளக்குகள் எரிந்தன. பாட்டு உரத்துக் கேட்டது. சனம் கைதட்டியது. றிஸ்வான் படங்குக்குள் இருந்தார். கடையிலிருந்து வயர் வந்தது அவருக்குத் தெரியாது. நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மழைக்கோட்டோடு வந்துகொண்டிருந்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இளம் தகப்பன் நின்றார். பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தில் கை ஊன்றப்போய், சட்டென்று கையை இழுத்து, உதறி, பக்கத்தில் நின்றவரிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "பஸ் கடிக்குது மச்சான்!"

அவர் காலில் தடித்த றப்பர்ச் செருப்பு இருந்தது. அதனால்தான் சிரித்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கோ விளக்குக் கம்பி காயப்பட்டு, பஸ்ஸின் தகரத்தில் முட்டுகிறது. ஜெனரேட்டர் பஸ்ஸிலேயே இருந்தவரை அதன் மின்சாரத்துக்கும் நிலத்துக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. காயம் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஊர் மின்சாரம் அப்படியல்ல. அதன் ஒரு கை எப்போதும் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது பஸ் முழுவதும் மின்சாரம் நிற்கிறது. உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. வாசல் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தண்ணீரில் வைக்கிற பிள்ளைக்குத்தான் ஆகும்.

வாசலைப் பார்த்தேன். நிரோ மிதிபலகையில் நின்றாள். இடது கை வாசல் கம்பியில். வலது இடுப்பில் மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சின்னப் பெண் பிள்ளை. அதன் தாய் கீழே தண்ணீரில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள். நிரோ குனிந்து பிள்ளையைக் கொடுக்கப் போகிறாள். தாயின் விரல் பிள்ளையில் படும் நேரம், பஸ்ஸிலிருந்து என் மகளுக்குள்ளால், அந்தக் குழந்தைக்குள்ளால், தாய்க்குள்ளால் மின்சாரத்துக்கு நிலத்துக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

"கரண்ட்!" என்று கத்த வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்தச் சொல்லைக் கேட்டால் உள்ளே இருக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வெளியே குதிப்பார்கள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

"நிரோ! கவனம்! இறங்காத!"

அவளுக்குக் கேட்டது. முகம் மாறியதைக் கண்டேன். இத்தனை பேருக்கு முன்னால் அப்பா தொடங்கிவிட்டாரே என்கிற முகம். அவள் என் பக்கம் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

அடுத்த சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தொண்டை கிழியக் கத்தினேன்.

"கண்டக்டர்! புள்ளையைக் குடுக்காத! ஒருத்தரையும் இறக்காத!"

நிமிர்ந்தாள். அந்த அசைவு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பிள்ளையை மார்போடு சேர்த்து ஒரு படி உள்ளே ஏறி, பின்னால் நெருக்கியவர்களை முதுகால் தள்ளி, "பின்னுக்குப் போங்க! ஒருத்தரும் இறங்கப்படாது! பின்னுக்கு!" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

நான் பாய்ந்து தாய்க்கும் வாசலுக்கும் நடுவில், பஸ்ஸில் படாமல், கைகளை விரித்து நின்றேன். "றிஸ்வான்! கடையில பிளக்!" என்றேன். படங்குக்குள்ளிருந்து தலையை எடுத்தவர், எரிகிற விளக்குகளைப் பார்த்தார், செத்துக் கிடந்த ஜெனரேட்டரைப் பார்த்தார், ஓடினார். கடை வாசல் முழுக்கச் சனம்.

"என்ட புள்ளையைத் தா, புள்ள!" தாய் என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள்.

"தரமாட்டன் அக்கா. கொஞ்சம் பொறுங்க."

"உனக்கென்ன விசரா? அது அழுகுது, உனக்குத் தெரியல்லயா?"

"அழட்டும் அக்கா. தரமாட்டன்."

தாய் என் முதுகில் குத்தினாள். ஒரு தரமல்ல. நான் திரும்பி அவள் காதருகே மெல்லச் சொன்னேன்: "மகள், பஸ்ஸில கரண்ட் நிக்குது. மேல இரிக்கிறவரைக்கும் உன்ட புள்ளைக்கு ஒண்டும் ஆகாது. சத்தம் போடாத." அவள் கை என் மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

முன்னால் ஜெயம் தன் பக்கத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணே? இறங்கட்டா?"

"இரி! நீயும் இறங்காத!"

பாட்டு பாதியில் அறுந்தது. விளக்குகள் போயின. இந்தத் தரம் யாரும் "ஆ" என்று சொல்லவில்லை. கடைக்குள்ளிருந்து றிஸ்வான் பிடுங்கிய பிளக்கைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். வயரைப் பஸ்ஸிலிருந்தும் கழற்றி எறிந்தோம். பிறகு தொட்டுப் பார்க்கவேண்டும். எத்தனையோ வருடம் செய்த வேலை. என் கை எழவில்லை. எனக்கு முன்னால் றிஸ்வானின் புறங்கை பஸ்ஸில் பட்டது.

"சரி அண்ணன்."

நிரோ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கண்டக்டர், இறக்கலாம்" என்றேன்.

முதலில் அந்தச் சின்னப் பிள்ளை. தாய் அதை வாங்கிக்கொண்டு கடைப் படியில் போய் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக, கடைசிப் பிள்ளை இறங்கும்வரை நிரோ வாசலில் நின்றாள். எல்லாம் முடிந்ததும் முன்னாலிருந்து ஜெயத்தின் குரல் வந்தது: "அண்ணே, இப்பயாவது இறங்கலாமா? எனக்கு மூத்திரம் முட்டுது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

கம்பியின் காயம் பின் யன்னலில் இருந்தது. சட்டத்துக்கு மேலே ஓடிய கம்பி, நனைந்த காகிதப் பூக்களின் பாரத்தில் தொய்ந்திருக்கிறது. தூறலுக்கு யாரோ யன்னலை இழுத்துச் சாத்த, கம்பி அதற்குள் நசிந்துவிட்டது. கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் கடையில் இருந்தது. ஆனால் அதற்குள்ளால் மின்சாரம் போகவில்லை. தவம் மறுநாள் கேக் ஒன்றோடு வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்து சொன்னார்: "மழைக்கு அந்த ட்ரிப் விழுந்து விழுந்து ஐஸ் பெட்டியெல்லாம் உருகுது அண்ணே. அதுதான் நேரா குடுத்து வச்சிருந்தன். நான் புள்ளைகளுக்காகத்தானே..." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எத்தனை வீடுகளில் அப்படிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். படிக்கிற பையன்களே, போய் முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்.

அன்று வீடு திரும்புகையில் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த நிரோ கேட்டாள்: "அப்பா, அந்தப் புள்ளையை நான் குடுத்திருந்தா?"

எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்கிறவன் நான். "மழைக்கோட்டை இழுத்து மூடு, நனையிறாய்" என்றேன். அவள் நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

இந்த வருடம் றிஸ்வான் வீட்டு மின்சார மாலைகளை ஒதுக்கிவிட்டார். பஸ்ஸின் பற்றரியில் எரியும் இருபத்துநாலு வோல்ட் விளக்குகள் மட்டும். ஜெனரேட்டர் இல்லை, வெளியே நீளும் பிளக் இல்லை. யாரும் எங்கும் சொருக முடியாது. போய்ப் பார்த்தேன், இரண்டு தரம் பார்த்தேன். குறை இல்லை. அறிவுக்கு இது விளங்குகிறது. ஆனாலும் மூன்றாம் தரமும் போனேன்.

நிரோ என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சாப்பிடும்போது, "நான்தான் கண்டக்டர்" என்றாள்.

"வேற ஆள் இல்லையா?"

"இரிக்காங்க. அவங்களுக்கு ஒரு நாளும் தாய்மார் ஏசினதில்லை."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பார்த்தாள்.

"அப்ப நானும் வந்து வாவிக்கரையில நிக்கிறன்" என்றேன்.

"வேணாம் அப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "நீங்க நிண்டா நான் உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன். வாசலைப் பாக்கமாட்டன்."

இன்று முதல் ஓட்டம். பொழுது சாய்கிறது. வாசற்படலை திறந்தே கிடக்கிறது. மோட்டார் சைக்கிள் சாவி மேசையில் இருக்கிறது. அதைத் தொடாமல் இருக்கத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்றுமுன் மழை தொடங்கியது. பொறுக்க முடியாமல் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். முதல் தரம் அவள் எடுக்கவில்லை. இரண்டாவது தரம் எடுத்தாள். பின்னால் பாட்டும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

"மகள், மழை..."

"ஓம் அப்பா, பெய்யுது. போனை வையுங்க, சனம் ஏறுது."

நான் வைக்கவில்லை. "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க" என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு அவளே வைத்துவிட்டாள்.